கீலுக்குள் அறுந்த வயர்

காரைக்குடியில் கார் எலக்ட்ரிக் வேலை பார்க்கிறவன் நான். பறையர் தெருவில் பிறந்தவன். இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் நான் சொல்ல வருவது விளங்கும், அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தொழிலில் எனக்குக் கைவந்தது கதவுப் பூட்டு. சென்ட்ரல் லாக் என்கிறோமே, ஒரு கதவைப் பூட்டினால் நாலு கதவும் சேர்ந்து பூட்டிக்கொள்வது, அது. மற்ற எலக்ட்ரீசியன்கள் சலித்துக்கொள்கிற வேலை. காசு கொஞ்சம், நேரம் நிறைய. ஒரு நாள் பூரா குத்தவைத்து நூல் மாதிரி ஒரு வயரைத் தேடணும். நான் வேலை பழகின பட்டறையில் அந்த வேலை வந்தால் எல்லாரும் என் பக்கம் தள்ளிவிடுவார்கள். தள்ளிவிட்ட வேலையை எடுத்துச் செய்து பிழைப்பது எங்கள் ஜனங்களுக்குப் புதிசா என்ன? அப்படித்தான் கற்றுக்கொண்டேன்.

பூட்டுக்குப் பேர்போன சீமை இது. பர்மாத் தேக்கில் நிலை, சித்திர வேலை செய்த கதவு, கையகலப் பூட்டு, சாண் நீளச் சாவி. பர்மாவிலும் இலங்கையிலும் மலேயாவிலும் கொடுக்கல் வாங்கல் நடத்திச் சேர்த்த பணத்தில் எழும்பின வீடுகள். முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி என்று ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். எங்க அப்பா அந்த வீடுகளுக்கு நெல் மூட்டை சுமந்தவர், விறகு பிளந்தவர். பின் தெருக் கதவு வழியாகப் போவார், அதே வழியாக வருவார். ஆயுசு பூரா காரைக்குடியைச் சுற்றியே கிடந்தும், ஒரு வீட்டின் முகப்பைக்கூட உள்ளே நின்று அவர் பார்த்ததில்லை. எங்கள் வீட்டுக்குக் கதவென்று இருந்தது ஒரு தகரப் படல். "பூட்டுறதுக்கு என்னடா இருக்கு நம்மகிட்ட" என்பார்.

அந்தப் பெரிய வீடுகளில் பலது இன்று பூட்டிக் கிடக்கிறது. பங்காளிகள் ஆளுக்கொரு ஊரில் இருக்கிறார்கள். இடித்து விற்ற வீடுகளின் கதவும் பூட்டும் சாவியும் முனீஸ்வரன் கோயில் தெருப் பழைய சாமான் கடைகளில் விலைக்குக் கிடக்கின்றன. எங்க அப்பா தொடக் கூடாத சாவியை இன்று காசு வைத்திருக்கிற யாரும் தொட்டுத் தூக்கிப் பார்க்கலாம்.

'தொடக் கூடாது' என்பது ஏதோ பழங்கதை என்று மாணவத் தோழர்கள் நினைத்துவிடக் கூடாது. 1930 டிசம்பரில், எங்கள் பகுதி அன்றைய இராமநாதபுரம் ஜில்லாவில் இருந்தபோது, ஆதிக்கச் சாதிக்காரர்கள் எங்கள் ஜனங்களுக்கு எட்டுத் தடை போட்டார்கள். தங்க நகை, வெள்ளி நகை போடக் கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழும் இடுப்புக்கு மேலும் துணி உடுத்தக் கூடாது. கோட்டு, சட்டை, பனியன் கூடாது. கிராப்பு வெட்டக் கூடாது. வீட்டில் மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் கூடாது. குடை பிடிக்கக் கூடாது, செருப்பு போடக் கூடாது. இப்படிப் போகிறது அந்தப் பட்டியல். 1931 ஜூனில் அது பதினொன்றாக வளர்ந்தது. அந்த வருசத்து மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குக் கமிஷனராக இருந்த ஹட்டன் இதையெல்லாம் தன் சாதி பற்றிய புத்தகத்தில் எழுதி வைத்திருக்கிறார். எழுதி வைத்ததால்தான் இன்று அதை யாரும் இல்லை என்று சொல்ல முடியவில்லை. இந்த 'எழுதி வைப்பது' பற்றித்தான் பின்னால் பேசப் போகிறேன்.

முதலில் பூட்டைப் பற்றிச் சொல்கிறேன்.

ஒவ்வொரு கதவுக்குள்ளும் ஒரு சின்ன மோட்டார் இருக்கும். உள்ளங்கைக்குள் அடங்கும். அதிலிருந்து ஒரு இரும்புக் கம்பி பூட்டு லிவருக்குப் போகும். மோட்டாருக்கு இரண்டு வயர். ஒன்றில் கரண்டும் மற்றதில் எர்த்தும் கொடுத்தால் பூட்டும். அதையே மாற்றிக் கொடுத்தால் திறக்கும். அதுவும் ஒரு நொடிக்குள் வந்து போகிற கரண்டு. டிரைவர் கதவில் இருக்கிற மோட்டாருக்கு மட்டும் அஞ்சு வயர் வரும், அது தலைவர். அவர் பூட்டினால் உள்ளே இருக்கிற கண்ட்ரோல் பெட்டிக்குச் சேதி போகும், பெட்டி மற்ற மூன்று கதவுக்கும் உத்தரவு போடும். ரிமோட்டும் அந்தப் பெட்டியோடுதான் பேசும்.

வண்டி வந்ததும் கதவைக் கழற்றக் கூடாது. முதலில் கேட்கணும். நாலு கதவும் செத்துக் கிடக்குதா, ஒரு கதவு மட்டுமா? நாலும் செத்திருந்தால் ஃப்யூஸைப் பார், எர்த்தைப் பார், பெட்டியைப் பார். ஃப்யூஸ் திரும்பத் திரும்பப் போனால் எங்கேயோ வயர் தோல் உரிந்து இரும்பில் உரசுகிறது என்று அர்த்தம். பெரிய ஃப்யூஸ் போட்டுச் சமாளித்தால் வண்டியே எரியும். சாவியால் டிரைவர் கதவைப் பூட்டும்போது மற்றது பூட்டவில்லை, ஆனால் ரிமோட்டுக்கு எல்லாம் பூட்டுது என்றால் தலைவருக்குள் இருக்கிற சுவிட்சு போயிருக்கும். மோட்டார் உறுமுது, பூட்டுக் குமிழ் அசையவில்லை என்றால் உள்ளே பிளாஸ்டிக் பல்சக்கரம் தேய்ந்திருக்கும், இல்லை கம்பியின் கிளிப் கழன்றிருக்கும். குமிழ் பாதி தூரம் போய்த் திரும்பினால் பூட்டில் துரு ஏறிக் காய்ந்திருக்கும், இல்லை பாட்டரி இறங்கியிருக்கும். "பின் கதவு உள்ளே இருந்து திறக்க மாட்டேங்குது" என்று பதறி வருவார்கள். கதவின் ஓரத்தில் ஒரு சின்னக் கொக்கி, குழந்தைகள் திறந்துவிடாமல் இருக்க வைத்தது, தெரியாமல் தட்டுப்பட்டிருக்கும். விரலால் தள்ளினால் சரியாகிவிடும். அதுக்கு நான் காசு வாங்குவதில்லை.

ஒரு கதவு மட்டும் சில நேரம் வேலை செய்து சில நேரம் செய்யாமல் இருந்தால், பத்தில் எட்டு கோளாறு கீலில் இருக்கும். இது என் அனுபவக் கணக்கு. வண்டி உடம்பிலிருந்து கதவுக்குள் வயர் போகிற இடத்தில் ஒரு ரப்பர் குழாய் மாட்டியிருப்பார்கள். கதவைத் திறந்து மூடும்போதெல்லாம் வயர் அங்கே மடங்கி நிமிரும். ஒரு நாளைக்கு இருபது தடவை, வருசக் கணக்கா. உள்ளே செம்பு அறுந்துவிடும், மேல்தோல் அப்படியே இருக்கும். கண்ணால் பார்த்தால் நல்ல வயர். கதவைத் திறந்து வைத்தால் அறுந்த முனைகள் இரண்டும் ஒட்டிக்கொள்ளும், பூட்டு வேலை செய்யும். கதவைச் சாத்தினால் முனைகள் விலகிவிடும், வேலை செய்யாது. கதவைத் திறந்து வைத்துச் சோதிக்கிற மெக்கானிக் "ஒண்ணுமில்லையே, நல்லாத்தானே இருக்கு" என்று அனுப்பிவிடுவான். கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்து சோதிக்கிறவனுக்குத்தான் கோளாறு தெரியும். பிறகு ரப்பரை விலக்கி ஒவ்வொரு வயராகப் பிடித்து மெதுவாக இழுக்கணும். நல்ல வயர் நீளாது. உள்ளே அறுந்த வயர் ரப்பர் மாதிரி நீளும். அந்த இடத்தை வெட்டி, கொஞ்சம் நீளமான மெல்லிய வயரை ஈயம் வைத்து ஒட்டி, ஒட்டு மடங்குகிற இடத்தில் வராமல் தள்ளி வைத்து மூடணும். முறுக்கி டேப் சுற்றினால் ஆறு மாசம்கூடத் தாங்காது.

இன்னொரு விசயம். ரிமோட்டை அமுக்கினால் 'பீப்' என்று சத்தம் வரும், விளக்கு மின்னும். எல்லாம் பூட்டிருச்சு என்று நம்பி நடந்துவிடுவார்கள். அந்தச் சத்தத்தைப் போடுவது பெட்டி. உத்தரவு போட்டாச்சு என்பதுதான் அதுக்கு அர்த்தம். கதவு பூட்டியதா இல்லையா என்பது, தனியாகப் போட்ட சாதாரண பெட்டிக்குத் தெரியவே தெரியாது.

2014 ஆவணியில் ஒரு வெள்ளைக் கார் வந்தது. பக்கத்து ஊர்ப் பெரிய மனிதர் ஒருவருடையது. ஊரையும் பேரையும் விட்டுவிடுகிறேன், வேறு ஊரைப் போட்டாலும் கதை மாறாது. வண்டியை வீட்டு வாசலுக்கு வந்து பார்க்கச் சொன்னார்கள். போனேன். முன் சீட்டில் உட்கார்ந்தேன், ஸ்டீரிங்கைப் பிடித்தேன், சாவி என் கையில். அப்பா நுழைய முடியாத வாசலில் நிற்கிற கார், அதற்குள் நான். தண்ணி கேட்டேன். உள்ளே இருந்து காகித டம்ளரில் வந்தது. வண்டி கழுவிக்கொண்டிருந்த வேறு சாதிப் பையனுக்குச் சில்வர் சொம்பு. முன்பெல்லாம் கொட்டாங்கச்சி, அப்புறம் தனி டம்ளர், இப்போது காகிதக் கப். குடித்துவிட்டுக் கசக்கிப் போட்டால் தீட்டும் போச்சு, வழக்கும் போச்சு. எந்தச் சட்டத்தில் எழுதிப் பிடிப்பது?

கோளாறு இடது பின் கதவு. கதவைச் சாத்தி உட்கார்ந்து ரிமோட்டை அமுக்கினேன். மூன்று கதவில் 'டக்' என்று கேட்டது, நாலாவதில் சத்தம் இல்லை. ரப்பரை விலக்கி இழுத்தேன், நீல வயர் நீண்டது.

"கண்டுபிடிச்சாச்சு சார். கீல்ல வயர் அறுந்திருக்கு. ரெண்டு மணி நேர வேலை."

"பீப் சத்தம் வருதுல்லப்பா? போதும். வீட்ல கல்யாணம், வண்டி நிக்க முடியாது. அப்புறம் பாத்துக்கலாம்."

நான் பில் எழுதினேன். அம்பது ரூபா வேலைக்கும் பில் போடுவது என் பழக்கம். அப்பா சுமந்த மூட்டைக்கு எந்தக் கணக்கிலும் எழுத்து இல்லை. கொடுத்ததுதான் கூலி, சொன்னதுதான் கணக்கு. அதைப் பார்த்து வளர்ந்ததால் கடை போட்ட அன்றைக்கே கார்பன் வைத்த பில் புத்தகம் வாங்கினேன். எழுதினது இதுதான்: "இடது பின் கதவு பூட்டாது. கீல் வயர் அறுந்துள்ளது. மாற்றவில்லை. பிறகு பார்க்கலாம் என்றார்கள். பார்த்த கூலி ரூ.150." டிரைவரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டேன். அவர் சிரித்தார், "இதுக்கெல்லாமா கையெழுத்து?"

நாலாம் நாள் கல்யாணம். மண்டபத்துக்கு வெளியே நின்ற அந்தக் காரின் பின் சீட்டிலிருந்து நகைப் பை ஒன்று காணாமல் போயிற்று. அன்று ராத்திரி பத்து மணிக்கு இரண்டு போலீஸ்காரர்கள் எங்கள் தெருவுக்கு வந்தார்கள். ஸ்டேஷனில் பேரைக் கேட்கவில்லை. "எந்தத் தெருடா?" என்றுதான் முதலில் கேட்டார்கள். சொன்னேன். அதோடு அவர்களுக்குப் பாதி விசாரணை முடிந்துவிட்டது.

மிச்சத்தை அவர்களே சொன்னார்கள். "கண்ணாடி உடையல. கதவு நாலும் பூட்டியிருந்துச்சு, பீப் சத்தத்தை டிரைவர் கேட்டிருக்கான். அப்ப பூட்டு தெரிஞ்சவன்தான் எடுத்திருக்கணும். பூட்டு தெரிஞ்சவன் நீ."

கேட்டீர்களா தோழர்களே. எழுத்துத் தெரியாதபோது எங்களை மடையன் என்றார்கள். கைத்தொழில் தெரிந்தால் திருடன். அதே பூட்டு வேலையை வேறு தெருக்காரன் செய்தால் அவன் மெக்கானிக்.

ராத்திரி பூரா தரையில் உட்கார வைத்தார்கள். செல்போனை வாங்கிக்கொண்டார்கள். எந்த நோட்டிலும் என் பேர் ஏறவில்லை. அடிக்கவில்லை. அடிக்காததை ஒரு தயவு மாதிரி இரண்டு தடவை சொல்லிக் காட்டினார்கள். 1996 டிசம்பரில் டி.கே.பாசு வழக்கில் சுப்ரீம் கோர்ட் சொன்ன விதிகள் இருக்கின்றன. பிடித்ததற்கு மெமோ எழுதணும், அதில் சாட்சி கையெழுத்து இருக்கணும், சொந்தக்காரருக்குச் சேதி சொல்லணும். விதிகளை எழுதின பலகை அந்தச் சுவரிலேயே என் தலைக்கு மேல் தொங்கியது. நான் அதைப் படித்துக்கொண்டே விடிய விடிய உட்கார்ந்திருந்தேன்.

என்னை மீட்டது என் வீட்டுக்காரி. யார் யாரோ "பெரிய மனுசரைப் பாத்துக் கால்ல விழு" என்று அவளிடம் சொல்லியிருக்கிறார்கள். அவள் போகவில்லை. கடையைத் திறந்து பில் புத்தகத்தை எடுத்துக்கொண்டு, தேவகோட்டையில் இருக்கிற எங்கள் வக்கீல் அண்ணனையும் கூட்டிக்கொண்டு காலையில் வந்து நின்றாள்.

"அய்யா, அந்தக் கதவு பூட்டாதுன்னு நாலு நாளைக்கு முன்னாடியே எழுதிக் குடுத்திருக்கு. படிச்சுப் பாருங்க. அவங்க டிரைவர் கையெழுத்து இருக்கு."

எஸ்.ஐ. படித்தார். காரை வரச் சொன்னார். ஸ்டேஷன் வாசலில் கார் வந்து நின்றது. சொந்தக்காரரும் வந்தார். கதவுகளைத் திறந்து வைத்து ரிமோட்டை அமுக்கினார்கள். நாலு குமிழும் ஒழுங்காக இறங்கியது. சுற்றி நின்றவர்கள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள்.

"சாத்திட்டு அமுக்குங்க சார்" என்றேன்.

சாத்தினார்கள். அமுக்கினார்கள். பீப் என்றது, விளக்கு மின்னியது.

"இப்ப இடது பின் கதவை இழுங்க."

ஒரு போலீஸ்காரர் இழுத்தார். கதவு திறந்துகொண்டது. யாரும் பேசவில்லை. டிரைவர் தலையைக் குனிந்து நின்றார், அவருக்காக அவர் கையெழுத்து பேசிவிட்டது. அந்தக் கதவை மண்டபத்தில் யாரும் திறந்திருக்கலாம், ஐந்து வயசுப் பிள்ளைகூட. பூட்டுத் தெரிய வேண்டியதில்லை. "சரி, போ" என்றார்கள். மன்னிப்பு இல்லை, எழுத்து இல்லை. பெரிய மனிதர் போகும்போது டிரைவரிடம், "அதான் சரி பண்ணச் சொல்லியிருந்தேனே" என்றார். பில்லின் கார்பன் நகல் அப்போதும் எஸ்.ஐ. மேசையில்தான் இருந்தது.

பில் இல்லாமல் இருந்திருந்தால்? எங்கள் தெருவில் பெயிண்ட் அடிக்கிறவன் இருக்கிறான், கிணறு தூர் வாருகிறவன் இருக்கிறான், வீட்டு வேலைக்குப் போகிற பெண்கள் இருக்கிறார்கள். அவர்கள் வேலைக்கு எவன் பில் எழுதுகிறான்? ஒரு வீட்டில் ஒரு பொருள் காணோம் என்றால் அவர்கள் எதைக் காட்டுவார்கள்? என் கதை நல்லபடியா முடிந்த கதை. அதனால்தான் எழுத முடிகிறது. முடியாத கதைகள் ஸ்டேஷன் தரையிலேயே கிடக்கின்றன.

பாட்டரியில் கரண்டு இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். இருக்கிறது. 1950 முதல் அரசியல் சட்டத்தின் பதினேழாவது பிரிவு தீண்டாமையை ஒழித்துவிட்டது. 1989இல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வந்தது. பாசு வழக்குத் தீர்ப்பு வந்தது. அம்பேத்கர் நிரப்பி வைத்த பாட்டரி இறங்கவில்லை. எங்கள் பக்கத்துக் கண்டதேவியைப் பாருங்கள். 1990களின் கடைசியில் எங்கள் ஜனங்கள் தேர் வடம் பிடிக்க உரிமை கேட்டார்கள், வழக்கு கோர்ட்டுக்குப் போயிற்று. அதன் பிறகு பல வருசம் தேரே ஓடவில்லை. 2024 ஜூனில் பலத்த போலீஸ் காவலோடு ஓடியது. கோர்ட்டிலிருந்து தேரடிக்குக் கார் பயணம் இரண்டு மணி நேரம்தான். சட்டம் வந்துசேர இத்தனை வருசம்!

கரண்டு எங்கே நிற்கிறது என்பதைத்தான் தேடணும். புத்தகத்திலிருந்து ஜனங்களிடம் வருகிற வழியில் ஒரு மடக்கு இருக்கிறது. ஸ்டேஷன் வாசல், பஞ்சாயத்து ஆபீஸ், வேலைக்குப் போகிற வீட்டின் பின்கட்டு. அங்கேதான் தினம் மடங்கி மடங்கி அறுகிறது. மேல்தோல் முழுசாக இருக்கும். அதிகாரி பார்வையிட வருகிற நாளில் எல்லாக் கதவும் திறந்திருக்கும், எல்லாம் வேலை செய்யும். அவர் போன பிறகு கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்தவனிடம் கேட்கணும். இதைத்தான் இயக்கத் தோழர்களிடமும் படிக்கிற பிள்ளைகளிடமும் கேட்டுக்கொள்கிறேன். 'சட்டம் இருக்கிறது' என்று மேடையில் பேசினால் அது பீப் சத்தம். எந்த ஊரில், எந்த வாசலில், எந்தத் தேதியில் அது நின்றுபோனது என்று ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்து எழுதுங்கள். தேதியோடு எழுதுங்கள், கையெழுத்து வாங்குங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

என் கடையில் இப்போது இரண்டு பேர் வேலை பழகுகிறார்கள். ஒருவன் எங்கள் தெரு, இன்னொருவன் வேறு தெரு. இருவரும் ஒரே சொம்பில் தண்ணி குடிக்கிறார்கள். வண்டி வந்தால் டெஸ்ட் லாம்பைத் தொடுவதற்கு முன்னால் பில் புத்தகத்தைத் தொடணும் என்பது கடைச் சட்டம். கண்டதை எழுது, செய்ததை எழுது, செய்ய விடாததையும் எழுது. எங்கள் தெருப் பெண்கள் சிலருக்கு வேலைக்குப் போன வீடு, நாள், வாங்கின கூலி எழுதிவைக்க நோட்டு வாங்கிக் கொடுத்திருக்கிறேன். எழுதத் தெரியாதவர்களுக்குப் பிள்ளைகள் எழுதுகிறார்கள். பழைய பில் புத்தகங்கள் கடையில் மூட்டையாக இருக்கின்றன. கரையான் அரிக்காமல் வேப்பிலை போட்டுக் கட்டி வைத்திருக்கிறேன். காரைக்குடிப் பக்கம் வந்தால் வாங்க, பிரித்துக் காட்டுகிறேன்.